கைதட்டிய இடம்

அஸ்தம்பட்டி,
11.6.2025

அன்புள்ள அக்காவுக்குத் தனபால் எழுதுவது.

இங்கே கனிஷ்கா, அவள் அம்மா, நான் மூவரும் சௌக்கியமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? போனில் பேசினால் உங்கள் காதுக்குப் பாதிதான் எட்டுகிறது. மீதியை மாப்பிள்ளை நவநீதன் வாங்கிக் கேட்டு உங்களுக்குக் கத்திச் சொல்வதற்குள் பண்ணைக் கோழிகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. நமக்குப் பழையபடி தபால்தான் சரி.

உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டு, உங்கள் மகனுக்கு என் மகள் என்று பேசி முடித்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. மாமா காலமான பிறகு எருமப்பட்டிக்கும் சேலத்துக்கும் போக்குவரத்து அற்றுப்போகுமோ என்று பயந்திருந்தேன். உரிமைப் பெண் உரிமைக்காரனுக்கே வருகிறாள். ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிடலாம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாள் எல்லோரையும் சினிமாவுக்குக் கூட்டிப்போய் மானத்தை வாங்கிக்கொண்டேன். போஸ்டரில் குதிரை, வாள், பனிமலை மேல் ஒரு கோட்டை. வெளிநாட்டு ராஜா காலத்துக் கதை, தமிழில் பேசுகிறார்கள், பெரியவர்களுக்கும் புரியும் என்று நம்பி டிக்கெட் எடுத்தேன். இடைவேளை வரை நான் நினைத்த படம்தான் ஓடியது. அதற்குமேல் பனிக்குள் செத்துக் கிடந்த சிப்பாய்கள் எழுந்துவந்து ரத்தம் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் சுவாமிநாதன் பெரியப்பா வெளியே போய் டிக்கெட் கிழிப்பவரிடம், “ஏனுங்க, நாங்க பப்ஸ் திங்கப் போன நேரத்துல வேற படத்தப் போட்டுட்டீங்களா?” என்று சண்டை பிடித்தார். அந்த ஆள் அதே படம்தான் என்று சாமிமேல் சத்தியம் செய்தும் பெரியப்பா நம்பவில்லை.

கோட்டைச் சமையல்காரி பிள்ளைகளோடு உள்ளே பூட்டிக்கொள்வாளே, செத்துப்போன புருஷன் வெளியே நின்று, ‘நான்தான், கதவைத் திற, இனி உன்னை விட்டுப் போகமாட்டேன்’ என்று கெஞ்சுவானே, அவள் திறக்காமல் இருக்க, அவன் உடைத்துக்கொண்டு வந்ததும் கறிக்கத்தியால் வெட்டுவாளே, அந்த இடத்தில் கனிஷ்கா கைதட்டிவிட்டாள். பக்கத்தில் மாமியார் இருக்கிறார் என்கிற நினைப்பே இல்லை. சின்னப் பெண், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி,
தனபால்

*

எருமப்பட்டி,
27.6.2025

தம்பி தனபாலுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லை. ஆனாலும் நடமாடுகிறேன். முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்.

நீ எழுதியதைப் படித்தேன். உனக்கு வந்த சிரிப்பு எனக்கு வரவில்லை. அது குதிரைப் படமா பேய்ப் படமா என்கிற பஞ்சாயத்து இங்கேயும் ஓயவில்லை. தீவன வண்டி ஓட்டும் பச்சமுத்து நாமக்கல்லில் இரண்டு தரம் பார்த்துவிட்டு, சமையல்காரி செய்தது சரி என்கிறான். அவன் பெண்டாட்டி மாரக்காள் படத்தைப் பார்க்கவே இல்லை, ஆனாலும் பேசுகிறாள். “பேயோ பொணமோ, கட்டுனவன் வாசல்ல நின்னு கூப்புட்டா ஒரு சொம்புத் தண்ணியாச்சும் குடுக்கோணுமில்லீங்க” என்கிறாள். நவநீதனுக்குப் படம் அடியோடு பிடிக்கவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தச் சமையல்காரியைத் திட்டுகிறான். செத்தவன்மேல் அவனுக்கு அவ்வளவு பரிதாபம்.

கனிஷ்காவின் கை எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அக்கா,
வசந்தாமணி

*

அஸ்தம்பட்டி,
1.7.2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

வேப்பெண்ணெய் தேய்த்ததில் முழங்கால் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனால் வீட்டில் யாரும் என் பக்கத்தில் வருவதில்லை. நீங்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

கனிஷ்காவின் கைக்கு ஒன்றுமில்லை. தியேட்டர் நாற்காலி இடுக்கில் மாட்டி வளையல் உடைந்து கீறிவிட்டதாம். மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம் இருந்தது. தினமும் நாமக்கல்லுக்கு, லாரி ஆபீஸ் வேலைக்குப் போகிறவள், பஸ் கம்பியைப் பிடிக்க முடியவில்லை என்று சில நாள் லீவு போட்டாள். இப்போது போய்வருகிறாள்.

படம் இங்கேயும் ஊரை இரண்டாக்கிவிட்டது. காலையில் நடக்கப் போகும் எங்கள் ரிட்டையர்டு ரயில்வேக் கூட்டத்தில், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினானே என்று ஆனந்தகுமார் புகழ்கிறார். அது இரண்டும்கெட்டான் படம், சரித்திரம் காட்டுகிறேன் என்று கூப்பிட்டு வைத்துப் பயமுறுத்துவது ஏமாற்று வேலை என்கிறார் ரங்கன். எங்கே சுற்றினாலும் கடைசியில் பேச்சு அந்தக் கதவுக்கு வந்துவிடும். திறந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. நான் கூடாது கட்சி. குரல் மட்டும்தான் புருஷனுடையது, வந்திருப்பது புருஷன் இல்லை, திறந்திருந்தால் பிள்ளைகளும் போயிருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். பெண்ணைப் பெற்றவன் வேறு எப்படிப் பேசுவான் என்று ஆனந்தகுமார் என் தோளைத் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் போகட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் நல்ல குடும்பப் படமாகப் பார்த்துக் கூட்டிப்போகட்டும். ஆவணிக்கு நாள் பார்த்து எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
தனபால்

*

எருமப்பட்டி,
4.8.2025

தம்பி தனபாலுக்கு.

நீ, உன் வீட்டார் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை ஒரு மாதமாக எடுத்து எடுத்துப் படித்தேன். நீ கூடாது கட்சியில் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆவணி வேண்டாம். பண்ணையில் கோழிகளுக்குச் சீக்கு வந்திருக்கிறது. ஜோசியரும் இந்த வருஷம் நவநீதனுக்குக் காலம் சரியில்லை என்கிறார். பேசி முடித்த மறுநாளே ரத்தத்தைப் பார்த்ததும் நல்ல சகுனம் இல்லை. தள்ளிப் போடு. தையும் வேண்டாம். பிறகு பார்ப்போம்.

நவநீதன் கனிஷ்காவின் ஆபீஸ் பக்கம் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். அவளைத் தனியாக அவனோடு காரில் அனுப்பாதே. ஊர் வாய்க்காகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

வசந்தாமணி

*

அஸ்தம்பட்டி,
8.8.2025

அக்காவுக்கு.

உங்கள் உடம்பு தேவலையா என்று கேட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். ஆனால் மனது அதில் இல்லை.

கோழிக்குச் சீக்கு வந்தால் கல்யாணத்தை எதற்குத் தள்ள வேண்டும்? கோழியா தாலி கட்டப்போகிறது? மாப்பிள்ளையிடம் பேசினேன். “எனக்கென்னங்க, நாளைக்கே ரெடிங்க மாமா. அம்மாதான் அந்தப் படத்தையே நெனச்சுட்டு உக்காந்திருக்குது” என்றார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார். ஆக, கனிஷ்கா கைதட்டியதுதான் உங்கள் மனதில் முள்ளாக நிற்கிறது. நேராகச் சொல்லியிருக்கலாமே. ஜோசியரை எதற்கு நடுவில் இழுக்கிறீர்கள்?

யோசித்துப் பார்த்தால் எனக்கும் இப்போது அந்தப் படம் பிடிக்கவில்லை. கட்டின புருஷனைக் கத்தியால் வெட்டுவதைக் காட்டிவிட்டுப் படம் என்று பெயர் வைக்கிறார்கள். அவன் பேயாகவே இருக்கட்டும், நல்லபடியாகத்தானே கூப்பிட்டான். இதை நடைக் கூட்டத்திலும் சொல்லிவிட்டேன். கட்சி மாறிவிட்டேன் என்று ஆனந்தகுமார் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும்.

கனிஷ்காவைக் கண்டித்திருக்கிறேன். உங்களுக்கு மன்னிப்புக் கேட்டு அவளே கடிதம் எழுதுவாள். பெரிய மனது பண்ணி ஒரு நாளைச் சொல்லுங்கள். பேசி முடித்த பெண் வீட்டில் இருந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி,
தனபால்

*

நாமக்கல்,
17.8.2025

அன்புள்ள அத்தைக்குக் கனிஷ்கா எழுதுகிறேன்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி அப்பா தினமும் கேட்கிறார். இதுதான் அது. ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படத்தில் நான் ஒரு தடவை கைதட்டினேன். அவ்வளவு நேரம் அவள் பயந்துகொண்டே இருந்தாள், கடைசியில் பயத்தோடேயே கத்தியை எடுத்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. மறுபடி தட்ட முடியவில்லை. நவநீதன் மாமா என் மணிக்கட்டைப் பிடித்து, நாற்காலிக் கைப்பிடிக்குக் கீழே கொண்டுபோய்த் திருகினார். படம் முடியும் வரை விடவில்லை. முகம் மட்டும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை. பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள், கத்தினால் அசிங்கம் என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

நீங்கள் என் இன்னொரு பக்கத்தில் இருந்தீர்கள். வளையல் உடைந்து உங்கள் மடியில் விழுந்தது. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். அதை நான் பார்த்தேன்.

கை எப்படி இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டிருந்தீர்களாம். தெரிந்துகொண்டே கேட்கிறீர்களே அத்தை. நீங்கள் சொல்வீர்கள் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று நீங்கள் இருந்தீர்கள் போலிருக்கிறது. போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாதே, அவருக்கு ஏற்கெனவே பிரஷர் என்றாள். மாமா வாரம் ஒரு தடவை ஆபீஸ் வாசலில் காரோடு நிற்கிறார். நான் பின்பக்கமாகப் போய் பஸ் ஏறுகிறேன்.

இதில் எங்கே மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கனிஷ்கா

*

எருமப்பட்டி,
25.8.2025

சாமி கனிஷ்கா,

நல்லா இரு. உன் கடிதம் வந்தது. நீ எழுதியது எல்லாம் நிஜம். உன் அப்பனுக்கு நான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறு.

அத்தை

*

எருமப்பட்டி,
19.9.2025

தம்பி தனபாலுக்கு.

உன் நலத்தை விசாரிக்கிறேன். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பெற்ற மகனைப் பற்றி எழுதுவது லேசாக இல்லை. ஜோசியரும் சொல்லவில்லை, கோழிக்கும் சீக்கு இல்லை. கல்யாணம் வேண்டாம். நவநீதன் கை நீட்டுகிறவன்.

கனிஷ்காவின் கை நாற்காலியில் மாட்டவில்லை. கைதட்டியதற்காக இவன் பிடித்துத் திருகினான். தாலிகூடக் கட்டவில்லை, பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அப்போதே இப்படி. வீட்டிலும் இதுதான். சோற்றில் ஒரு கல் இருந்தால் தட்டு பறக்கிறது. இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனை யார் வாங்கிக் கேட்பது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய்.

அவன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நவநீதன் கைக்குழந்தை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் பஸ் ஏறி, சூரமங்கலத்தில் உன் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நீ டீ வாங்கிக் கொடுத்தாய். “கை நீட்டாத ஆம்பள எந்த ஊட்லக்கா இருக்கான்? அனுசரிச்சுப் போக்கா” என்றாய். அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிவந்து இங்கே விட்டாய். உன் மாமா வாசலில் நின்று எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினார். “வா வசந்தா, இனிமே அப்படி நடக்காது” என்றார். நீ நிம்மதியாகத் திரும்பிப் போனாய். அன்றைக்குப் போன காதுதான் இந்தக் காது. தியேட்டரில் அந்தச் செத்தவன் வெளியே நின்று கெஞ்சியபோது எல்லோரும் பேய்க்குப் பயந்தார்கள். நான் அந்தக் குரலுக்குப் பயந்தேன்.

கனிஷ்காவை நான் அனுசரிக்க விடமாட்டேன். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் அப்போதே திட்டியிருப்பேன்.

வசந்தாமணி

*

அஸ்தம்பட்டி,
23.9.2025

அக்காவுக்கு.

கடிதம் கிடைத்தது. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருந்து என்னென்னவோ நினைத்துக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பழசையெல்லாம் இப்போது கிளறுவதில் யாருக்கு லாபம்? நீங்கள் அன்றைக்கு அனுசரித்துப் போனதால்தான் இன்றைக்குத் தோட்டம், பண்ணை, மகன் என்று நாலு பேர் மதிக்க இருக்கிறீர்கள். வாழாவெட்டியாக என் குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால் இதெல்லாம் உண்டா? ஒரு தடவை கையை இறுக்கிப் பிடித்ததைக் கை நீட்டுகிறான் என்று பெரிதாக்குகிறீர்கள். இளவட்டம். கட்டிக்கப்போகிறவள் சபையில் கைதட்டினால் ரோஷம் வரத்தானே செய்யும்? ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும். கனிஷ்காவையும் கேட்டேன். அழுகிறாளே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. உப்புச் சர்க்கரை மாற்றியதைத் தபாலில் முறிக்க முடியாது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் மறுபடி கூட்டி, முறிப்பவர் தன் வாயால் காரணம் சொல்ல வேண்டும். என்ன சொல்வீர்கள்? பெண் சினிமாவில் கைதட்டினாள் என்றா? அதோடு என் மகள் கதை முடிந்தது, வேறு யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். உங்கள் மகன் அடிக்கிறவன் என்றா? பெற்ற வாயால் அதைச் சபையில் சொல்ல உங்களால் ஆகாது. உங்களை எனக்குத் தெரியாதா?

கார்த்திகையில் நாள் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் சம்மதம். நல்லபடியாக வந்து மணையில் உட்கார வையுங்கள்.

தம்பி,
தனபால்

*

நாமக்கல்,
16.11.2025

தம்பி தனபாலுக்கு.

இது கனிஷ்காவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன் முழங்கால் தேவலையா? கனிஷ்காவின் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

சுவாமிநாதன் பெரியப்பா வீட்டுக்கு எல்லோரையும் நான் கூப்பிட்டபோது, நாள் குறிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சிரித்த முகமாக வந்தாய். “பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எம் மகனுக்கு யாரும் பொண்ணு குடுக்காதீங்க. அடிப்பானுங்க” என்று நான் சொன்னேன். நீ எழுந்து போனாய். “அக்காளுக்குப் புத்தி பெரண்டு போச்சுங்க” என்று வாசலில் நீ சொன்னது என் நல்ல காதில் விழுந்தது.

நீ போனபிறகு நடந்ததையும் தெரிந்துகொள். ஒருவர், எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை என்றார். இன்னொருவர், பேயை விட்டுவிட்டுக் குதிரைச் சண்டையோடு நிறுத்தியிருந்தால் நல்ல படம்தான் என்றார். இடைவேளையில் படத்தை மாற்றியதைத் தான் அன்றைக்கே கண்டுபிடித்ததாகப் பெரியப்பா சொன்னார். காபி வரும்வரை படத்தைப் பற்றியே பேசினார்கள். என் மகனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். காரில் வீடு வந்து சேரும் வரையிலும் சிரித்தான்.

என் வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மாரக்காள் என்னைத் தூக்கினாள், பச்சமுத்து தீவன வண்டியில் போட்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். வழியெல்லாம் மாரக்காள் நவநீதனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை.

வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டால் குடும்ப மானம் தப்பும் என்று நீ பெரியப்பாவிடம் சொல்லியனுப்பினாயே, அது வந்து சேர்ந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. மகளிர் ஸ்டேஷனிலிருந்து கட்டிலுக்கே வந்து எழுதிக்கொண்டு போனார்கள். என் மகன் பெயரை நானே சொன்னேன். பெற்ற வயிறு எரியத்தான் செய்கிறது. இனி அவனுக்கு இந்தப் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். அதைச் செய்தவள் நான்தான்.

கனிஷ்கா என்னோடு இருக்கிறாள். ஆபீஸ் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறாள், இங்கிருந்து அங்கே போகிறோம். கூப்பிட வராதே. அவள் வரமாட்டாள்.

எழுதிக்கொண்ட அந்தப் போலீஸ் அம்மாள், பிறந்த வீட்டு ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கனிஷ்கா முன்னால் வந்து, “நான் இருக்கறனுங்க” என்றாள். ஆண்பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் என்று வேறு யாரும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வசந்தாமணி